சடை நாய்க்கு முடி கொட்டுதா? ஆயில் பூசாதீங்க! மொட்டை அடிக்காதீங்க!

நேற்று வரை சோபாவில் படுத்திருந்த நாய். இன்று குப்பைத் தொட்டி ஓரத்தில்!

கழுத்தில் சிவப்புப் பட்டை இருக்கிறது. பட்டையில் மணி கூட இருக்கிறது. ஆனால் முதுகில் முடி இல்லை. தோல் கருத்து, தடித்து, வெடித்து நாற்றம் அடிக்கிறது. தெரு நாய்கள் சூழ்ந்து நின்று குரைக்கின்றன. "சொறி நாய்டா!" என்று பையன்கள் கல்லைத் தேடுகிறார்கள். அது எங்கே ஓடுவது என்று தெரியாமல் நிற்கிறது. தெருவில் ஓடிப் பழக்கமில்லாத நாய்!

அது சொறி நாயாகப் பிறக்கவில்லை. ஆயிரக்கணக்கில் பணம் கொடுத்து ஆசை ஆசையாக வாங்கிய புசுபுசு பொமரேனியன். சென்னையில் எந்தப் பேட்டையில் சுற்றினாலும் இப்படி ஒரு நாய் கண்ணில் படும். சோபாவிலிருந்து குப்பைத் தொட்டிக்கு அது எப்படி வந்தது?

வீட்டுக்கு வீடு விவரம் மாறலாம். நடக்கிற கதை ஒன்றுதான்.

ஜிம்மி வந்தான்

அப்பா ஆபீஸ் குமாஸ்தா. இரண்டு அறை வீடு. பிள்ளைகள் பிடிவாதம் பிடித்ததால் ஒரு வெள்ளைக் குட்டி வந்தது. அதற்கு ஜிம்மி என்று பெயர் என்று வைத்துக் கொள்வோம். தயிர் சாதம், பால், பிஸ்கட், ராஜ உபசாரம்.

ஐப்பசி மழை முடிந்த சமயம், ஜிம்மி சொறிய ஆரம்பித்தான். முதலில் காது ஓரம். அடுத்து முழங்கை. ராத்திரி எல்லாம் 'கரக் கரக்' என்று சத்தம். யாருக்கும் தூக்கம் இல்லை. காது மடல் ஓரம் தவிடு ஒட்டினாற்போல் ஆனது. முடி கொத்துக் கொத்தாக உதிர்ந்தது.

"ஏங்க, சாம்பார்ல முடி மிதக்குதுங்க!" என்றார் மனைவி.

அன்றிலிருந்து ஆலோசனைகள் ஆரம்பம்.

"மெக்கானிக் கடையில வேஸ்ட் ஆயில் வாங்கிப் பூசுங்க சார். ரெண்டே நாள்ல சரியாயிடும்!" என்றார் எதிர் வீட்டுக்காரர்.

"தேங்காய் எண்ணெயில கற்பூரம் போட்டுக் காய்ச்சித் தடவு" என்றார் பாட்டி.

மருந்துக் கடைக்காரர் மனிதர்கள் பூசுகிற ஒரு களிம்பை எடுத்துக் கொடுத்தார்.

கடைசியில், "வெயிலுக்கு இவ்வளவு முடி எதுக்குங்க? மொட்டை அடிச்சுட்டா காத்தோட்டமா இருக்கும்" என்று இன்னொருவர் சொல்ல, மெஷின் போட்டு ஒட்ட வழித்தார்கள்.

இரண்டு மாதம் போனது. நோய் போகவில்லை. சின்னப் பெண்ணின் கையிலும் சிவப்புச் சிவப்பாகத் தடிப்பு. அரிப்பு!

"கொழந்தைக்கும் வந்துடுச்சு. இனிமே இந்தச் சனியன் இந்த வீட்டுல இருக்கப்படாது!" என்று பாட்டி தீர்ப்புச் சொல்லி விட்டார்.

ராத்திரி பத்து மணிக்கு ஸ்கூட்டர் கிளம்பியது. முன்னால் ஜிம்மி. நாலு தெரு தள்ளி வண்டி நின்றது. திரும்பி வரும்போது முன்னால் யாரும் இல்லை.

விசாரணை இல்லாமலே தண்டனை! இந்த வழக்கில் உண்மையான குற்றவாளி யார் என்று யாருமே கேட்கவில்லை. ஜிம்மி செய்ததெல்லாம் சொறிந்ததுதான்.

ஆயிலும் கற்பூரமும்

வேஸ்ட் ஆயில் மருந்து அல்ல, விஷம். எஞ்சினில் எரிந்து கருத்த எண்ணெயில் உலோகத் துகளும் ரசாயனக் கழிவும் கலந்திருக்கின்றன. வெடித்த தோலில் அதைப் பூசினால் புண் எரியும். நாய் என்ன செய்யும்? நக்கும். பூசிய அத்தனையும் வயிற்றுக்குள் போகும். வாந்தி, வயிற்றுப்போக்கு வரும். நுரையீரலுக்குள் இறங்கினால் நிமோனியா வந்து உயிருக்கே ஆபத்து.

மண்ணெண்ணெய், பினாயில், கரப்பான் பூச்சி மருந்து எல்லாம் இதே ரகம்தான். கற்பூரம் சாமி பொருள் என்றாலும், உள்ளே போனால் நாய்க்கு வலிப்பு வரும்.

தெரியாமல் பூசி விட்டால் என்ன செய்வது? மேலும் நக்க விடாமல் பிடித்துக் கொண்டு ஷாம்பு அல்லது பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீரால் பல முறை கழுவ வேண்டும். எண்ணெயோ மண்ணெண்ணெயோ வயிற்றுக்குள் போயிருந்தால் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. அதில்தான் நுரையீரலுக்குள் இறங்கும் ஆபத்து அதிகம். நேராகக் கால்நடை டாக்டரிடம் போக வேண்டும்.

மருந்துக் கடைக் களிம்பு இன்னொரு வில்லங்கம். அரிப்புக் களிம்புகள் பலவற்றில் ஸ்டீராய்டு இருக்கிறது. தடவியதும் அரிப்பு அடங்கும், வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். ஆனால் தோலின் எதிர்ப்புச் சக்தியையும் அது சேர்த்து அடக்கி விடும். பூஞ்சையும் பூச்சியும் உள்ளே ஜாம் ஜாம் என்று பெருகும். பத்து நாளில் நோய் இரண்டு மடங்காகத் திரும்பி வரும்.

மொட்டை அடித்தால் குளிருமா?

குளிராது! சடை நாய்க்கு இரண்டு அடுக்கு முடி. மேலே நீளமான, முரட்டு முடி. அது மழையையும் வெயிலையும் தடுக்கும். அடியில் பஞ்சு மாதிரி மெத்தென்ற முடி. அதுதான் குளிருக்குப் போர்வை. பொமரேனியன், ஜெர்மன் ஷெப்பர்டு, கோல்டன் ரெட்ரீவர், ஹஸ்கி எல்லாம் இந்த ஜாதி. பொமரேனியனின் முன்னோர்கள் ஐரோப்பாவில் பால்டிக் கடலோரக் குளிர்ப் பிரதேசத்து நாய்கள். ஹஸ்கி, பனிவண்டி இழுத்த சைபீரிய நாய். நம்ம ஊர் ராஜபாளையம், சிப்பிப்பாறைக்கு இந்தச் சட்டையே கிடையாது. அவை இந்த வெயிலுக்கென்றே வளர்ந்தவை.

மனிதனைப் போல நாய்க்கு உடம்பெல்லாம் வேர்க்காது. பாதத்தில் மட்டும் கொஞ்சம் வேர்க்கும். நாக்கைத் தொங்கப் போட்டு இரைத்துத்தான் சூட்டை வெளியேற்றும். அதனால் முடியை வழித்தால் வேர்வை ஆறும் என்ற பேச்சுக்கே இடமில்லை. மாறாக, வெயில் நேராகத் தோலில் சுடும். நாயின் மேல் தோல் மனிதத் தோலை விட மெல்லியது.

இன்னொரு அபாயமும் உண்டு. பொமரேனியன், ஹஸ்கி போன்ற நாய்களை ஒட்ட வழித்து விட்டால் முடி திரும்பி வர ஆறு மாதம், ஒரு வருஷம், சிலதுக்கு அதற்கு மேலும் ஆகிறது. வந்தாலும் திட்டுத் திட்டாக வரும்.

புண்ணுக்கு மருந்து போட அந்த இடத்தில் மட்டும் முடியைக் கத்தரிக்க டாக்டர் சொன்னால் அது வேறு விஷயம். சடை சிக்கு விழுந்து பாறையாகி விட்டாலும் வழிக்க வேண்டி வரலாம். வெயிலுக்கென்று வழிப்பதுதான் வேண்டாத வேலை. அதற்குப் பதில் மின்விசிறியும், நிழலும், கிண்ணம் நிறையத் தண்ணீரும் போதும். உச்சி வெயிலில் வாக்கிங் கூடவே கூடாது.

எல்லா முடியும் நோய் அல்ல

சடை நாய்க்கு முடி உதிர்வது இயற்கை. அடிப் பஞ்சு முடி வருஷத்துக்கு இரண்டு முறை மொத்தமாகக் கழியும். நம்ம ஊரில் குளிர்காலமே சரியாக இல்லாததால் வருஷம் பூராவும் கொஞ்சம் கொஞ்சமாக உதிர்வதும் உண்டு. முடியை விலக்கிப் பாருங்கள். தோல் சுத்தமாக, சொட்டை இல்லாமல், அரிப்பு, நாற்றம் இல்லாமல் இருந்தால் பயம் இல்லை. சீப்பை எடுங்கள், போதும்.

தோல் வெளியே தெரிகிற மாதிரி சொட்டை விழுந்தால்தான் கேஸ்!

குற்றவாளி யார்?

எந்த இடத்தில் முடி போகிறது என்பதே பெரிய துப்பு.

வால் தொடங்கும் இடத்திலும் பின்முதுகிலும் முடி போய், நாய் அங்கேயே கடித்துக் கொண்டிருந்தால் தெள்ளுப்பூச்சி மேல் சந்தேகம். பேன் சீப்பால் வாரி, விழும் கருப்புப் பொடியை ஈரமான வெள்ளைத் துணியில் போடுங்கள். பொடியைச் சுற்றிச் சிவப்பாகக் கசிந்தால் அது தெள்ளுப்பூச்சியின் எச்சம், அதாவது நாயின் ரத்தம். இந்தப் பூச்சி நாய் மேல் இருப்பது கொஞ்சம்தான். முட்டையும் புழுவும் பாயிலும், சோபா இடுக்கிலும், கால் மிதியிலும் இருக்கும். வீட்டையும் சேர்த்துச் சுத்தம் செய்யாவிட்டால் மருந்து வீண்.

காது ஓரம், முழங்கை, பின்னங்கால் மூட்டு ஆகிய இடங்களில் ஆரம்பித்து, ராத்திரி தூக்கம் கெடுகிற அளவுக்கு அரித்தால் சொறிப்பூச்சி. கண்ணுக்குத் தெரியாத எட்டுக்கால் பூச்சி. தோலுக்குள் சுரங்கம் தோண்டி முட்டை இடும். பக்கத்து நாய்க்கும் தொற்றும், மனிதருக்கும் தொற்றும்.

குட்டி நாய்க்குக் கண்ணைச் சுற்றியும், முன்னங்காலிலும் சொட்டை. ஆனால் அரிப்பு அதிகம் இல்லை. இது டெமோடெக்ஸ் என்ற வேறு பூச்சி. பிறந்த சில நாளில் தாயின் உடம்பிலிருந்து குட்டிக்கு வருவது. எதிர்ப்புச் சக்தி குறைந்தால்தான் நோயாகும். மனிதருக்குத் தொற்றாது.

வட்டமாகச் சொட்டை விழுந்து ஓரம் செதில் கட்டினால் படர்தாமரையாக இருக்கலாம். பெயர்தான் தாமரை, வேலை பூஞ்சையுடையது. இதுவும் வீட்டாருக்குத் தொற்றும்.

மழையில் நனைந்தோ, குளித்தோ ஒரு நாள் ஆவதற்குள் சடைக்கு அடியில் ஈரமான சிவப்புப் புண் திடீரென்று கிளம்பும். மேல் முடி காய்ந்து விடும், அடிப் பஞ்சு காய்ந்திருக்காது. அங்கே கிருமி குடியேறும். அரிக்கிறதே என்று நாய் கடிக்கக் கடிக்க, காலையில் காசு அளவு இருந்த புண் மாலையில் உள்ளங்கை அளவு. பிசுபிசுப்பும் புளித்த நாற்றமும் சேர்ந்தால் தோலில் ஈஸ்ட் என்ற பூஞ்சையும் பெருகி விட்டது என்று அர்த்தம்.

நடுவயது நாய். அரிப்பே இல்லை. இரண்டு விலாப் பக்கமும் ஒரே மாதிரி முடி போகிறது. வால் எலிவால் ஆகிறது. தீனி அதே தீனிதான், உடம்பு மட்டும் பெருக்கிறது, எந்நேரமும் தூக்கம். தைராய்டு சுரப்பி மந்தமாகி இருக்கலாம். குடம் குடமாகத் தண்ணீர் குடித்து, வயிறு பானையாகி முடி கொட்டினால் அட்ரீனல் சுரப்பிக் கோளாறாக இருக்கலாம். இதற்கெல்லாம் மேலே எதைப் பூசினாலும் பிரயோஜனம் இல்லை. கோளாறு உள்ளே இருக்கிறது!

பொமரேனியனுக்கும் சௌ சௌ நாய்க்கும் ஒரு விசித்திர நோய் உண்டு. உடம்பு முடி போய்த் தோல் கருத்து விடும். தலையிலும் காலிலும் மட்டும் முடி நிற்கும். காரணம் இன்னும் முழுசாகப் பிடிபடவில்லை. மற்ற நோய்கள் எதுவும் இல்லை என்று உறுதி செய்த பிறகுதான் டாக்டர்கள் இந்தப் பெயரைச் சொல்வார்கள். பார்க்கத்தான் விகாரம். வலி இல்லை, அரிப்பு இல்லை, யாருக்கும் ஒட்டாது. கருத்தடை ஆபரேஷனுக்குப் பிறகு சில நாய்களுக்கு முடி திரும்பி வருகிறது.

பிளேடு சொல்லும் உண்மை

இத்தனை பேரில் ஆளைக் கண்டுபிடிப்பது எப்படி? சென்னை வேப்பேரியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. 1903-ல் சைதாப்பேட்டையில் தொடங்கி, 1905-ல் வேப்பேரிக்கு வந்த பழைய கல்லூரி. அதன் ஆஸ்பத்திரியில் நாய்களின் தோல் நோய்க்கென்றே வெளிநோயாளி பிரிவு உண்டு. தனியார் டாக்டரிடம் போனாலும் முதல் பரிசோதனை ஒன்றுதான்.

மழுங்கிய பிளேடில் ஒரு சொட்டு எண்ணெய் தொட்டு, சொட்டை ஓரத்தில் லேசாக ரத்தம் கசிகிற வரை சுரண்டுவார்கள். சுரண்டியதைக் கண்ணாடித் தகட்டில் வைத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் பூச்சி மாட்டிக் கொள்ளும். சில நிமிஷ வேலை. சொறிப்பூச்சி சில சமயம் சுரண்டலுக்குச் சிக்காமல் தப்பும். அப்போது அடையாளங்களை வைத்தே டாக்டர் மருந்து கொடுத்துப் பார்ப்பார். படர்தாமரைக்கு முடியைப் பிடுங்கி வளர்ப்புப் பரிசோதனைக்கு வைப்பார்கள். முடிவு வர இரண்டு, மூன்று வாரம் ஆகலாம். தைராய்டுக்கு ரத்தப் பரிசோதனை.

டாக்டர் கேட்கிற கேள்விகளுக்கு ஒளிக்காமல் பதில் சொல்ல வேண்டும். "எத்தனை நாளா சொறியுது? சொறிஞ்சு முடி போச்சா, முடி போன பிறகு சொறியுதா? வீட்டுல வேற யாருக்காவது அரிப்பு இருக்கா? என்னென்ன தடவினீங்க?" கடைசிக் கேள்விக்குத்தான் பலரும் தலையைச் சொறிகிறார்கள்!

இன்றைக்குத் தெள்ளுப்பூச்சி, உண்ணி, சொறிப்பூச்சி, டெமோடெக்ஸ் எல்லாவற்றுக்கும் வேலை செய்யும் மெல்லும் மாத்திரைகள் வந்து விட்டன. எடை பார்த்து டாக்டர் கொடுப்பார். வலிப்பு நோய் உள்ள நாய் என்றால் முன்பே சொல்லி விட வேண்டும். மாட்டுக்குப் போடும் ஐவர்மெக்டின் ஊசி மருந்தைத் தாங்களாகவே வாங்கி நாய்க்குப் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். அளவு தப்பினால் எந்த நாய்க்கும் ஆபத்து. கோலி ஜாதிக்கும், சில ஜெர்மன் ஷெப்பர்டுகளுக்கும் அந்த மருந்து மூளையைத் தாக்கிச் சாகடிக்கும்.

மருந்து ஷாம்பு போட்டால் உடனே கழுவக் கூடாது. பத்து நிமிஷம் தோலில் ஊற வேண்டும். முடி முளைத்ததும் மருந்தை நிறுத்துவதும் தப்பு. டெமோடெக்ஸுக்கு, சுரண்டிப் பார்த்துப் பூச்சி இல்லை என்று ஒரு மாத இடைவெளியில் இரண்டு முறை தெரிந்த பிறகுதான் நிறுத்துவார்கள்.

பெண்ணின் கைத் தடிப்பு

இப்போது ஜிம்மி கேஸுக்கு வருவோம். காது ஓரம், முழங்கை, ராத்திரி அரிப்பு, பெண்ணின் கையில் தடிப்பு. துப்புத் துலங்கி விட்டதா? சொறிப்பூச்சிதான்!

நாயின் சொறிப்பூச்சி மனிதத் தோலில் பெருகி நிலைக்காது. நாய்க்கு வைத்தியம் செய்து, விரிப்புகளை வெந்நீரில் துவைத்தால் வீட்டாருக்கும் அடங்கி விடும். ஆனாலும் குழந்தையைத் தோல் டாக்டரிடம் காட்டி, வீட்டில் நாய் இருப்பதைச் சொல்ல வேண்டும். படர்தாமரை என்றால் வீட்டாருக்கும் தனியாக வைத்தியம் தேவை. குணமாகிற வரை நாயோடு ஒரே படுக்கை வேண்டாம்.

ஆயில், களிம்பு, மொட்டை என்று கழிந்த இரண்டு மாதத்தில், முதல் வாரமே டாக்டரிடம் போயிருந்தால் பாதி நாளில் அரிப்பு நின்றிருக்கும். பெண்ணுக்கும் வந்திருக்காது.

அபராதம் 50 ரூபாய்!

வளர்த்த நாயைப் பசியிலும் தாகத்திலும் தவிக்கும்படி தெருவில் விடுவது சட்டப்படி குற்றம். 1960-ம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 11-வது பிரிவு அதைச் சொல்கிறது. முதல் முறை மாட்டினால் அபராதம் எவ்வளவு தெரியுமா? 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரை! மூன்று வருஷத்துக்குள் மறுபடியும் செய்தால் 25 முதல் 100 ரூபாய், அல்லது மூன்று மாதம் வரை ஜெயில், அல்லது இரண்டும்.

சட்டம் பயமுறுத்தும் என்று காத்திருக்க முடியாது. ஆனால் தெருவில் விடப்பட்ட ஒரு சொறி நாய் பத்துத் தெரு நாய்க்குச் சொறியைக் கொடுக்கும். அந்தத் தெருவில் விளையாடுகிற பிள்ளைகளுக்கும் அது வரலாம். அதில் உங்கள் பிள்ளையும் இருக்கலாம்.

தினமும் பத்து நிமிஷம்

வாரத்தில் இரண்டு, மூன்று நாளாவது அடிப் பஞ்சு வரை எட்டுகிற சீப்பால் வாருங்கள். மேலோடு வாரினால் அடியில் சிக்கு விழும்.

தினக் குளியல் வேண்டாம். நோய் இல்லாத நாய்க்கு மூன்று, நாலு வாரத்துக்கு ஒரு முறை போதும். மனிதர் சோப்பு வேண்டாம், நாய்க்கான ஷாம்பு போடுங்கள். குளித்தாலும் மழையில் நனைந்தாலும் வேர்க்கால் வரை துவட்டி, மின்விசிறிக் காற்றில் காய வையுங்கள். கடலில் இறக்கினால் நல்ல தண்ணீரில் அலசுங்கள்.

முடி என்பது புரதம். வெறும் தயிர் சாதத்தில் சடை வளராது. அவித்த முட்டை, எலும்பில்லாத கோழி, மீன் என்று சேருங்கள். வெங்காயம், பூண்டு கூடாது.

விரலால் சடையைக் கோதி உண்ணி பாருங்கள். காது மடலிலும் விரல் இடுக்கிலும் ஒளிந்திருக்கும். அரிப்பு மட்டுமா? உயிரை வாங்கும் காய்ச்சலையும் அது கொடுக்கும்.

வாங்கும் முன்பே இதையெல்லாம் யோசித்தால் இன்னும் நல்லது. வாரி விட நேரம் இல்லை, வீட்டில் காற்று இல்லை என்றால் சடை நாய் வேண்டாம். குட்டை முடி நாட்டு நாய் ஒன்று போதும். வாசலைக் காக்கும், வெயிலையும் தாங்கும்.

குப்பைத் தொட்டி ஓரத்து நாய்க்கும் இன்னும் காலம் கடந்து விடவில்லை. பூச்சி செத்தால் அரிப்பு நிற்கும். அரிப்பு நின்றால் தோல் ஆறும். மொட்டை அடித்த முடி வர நாளாகும், ஆனால் வரும். மாலையில் ஸ்கூட்டர் சத்தம் கேட்கும்போதெல்லாம் அது தலையைத் தூக்கிப் பார்க்கிறது.

அந்த ஸ்கூட்டர் ஒரு தடவை வேப்பேரிக்குப் போயிருக்கலாம்!